ஜிப்ஸி ஆக்சிலையும் ஷாஃப்டையும் வீட்டிலேயே பிரித்து மாட்ட

மாருதி ஜிப்ஸி இந்தியச் சாலைக்கு வந்தது 1985 டிசம்பரில். ராணுவத்திலும் போலீஸிலும் காட்டிலாகாவிலும் உழைத்துவிட்டு, ஏலத்திலோ கைமாறியோ இன்று நம் வாசலில் வந்து நிற்கும் ஜிப்ஸிகளின் ஆக்சிலை இதற்கு முன் யார் யார் திறந்தார்கள், என்ன போட்டு மூடினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதனால் பழைய ஜிப்ஸி வாங்கியவர் முதல் வருஷத்துக்குள் ஒருமுறை ஆக்சிலையும், எஞ்சின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டு போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

வீட்டில் கை வைக்கத் தோதான வண்டிதான். முன்னும் பின்னும் ஒரே துண்டான கட்டை ஆக்சில், லீஃப் ஸ்ப்ரிங். கீழே படுத்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சாதாரண ஸ்பேனர் செட் தெரிந்த கைக்கு இதில் முக்கால்வாசி வேலை எட்டும். எட்டாத கால்வாசி எது என்பதையும் போகப் போகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஆக்சிலில் ஆயில் ஒழுகினால் எல்லோரும் செய்வது சீலை மாற்றுவது. மூன்று மாதத்தில் அது மறுபடி ஒழுகும். சீல் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. பேரிங் ஆடியிருக்கும், ஷாஃப்டில் வரி விழுந்திருக்கும், அல்லது மேலே இருக்கும் பிரீதர் என்ற மூச்சுத் துளை அடைத்திருக்கும். அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் இந்த வேலை. சீல் அடிப்பது கடைசியில் வரும் பத்து நிமிஷக் காரியம்.

கழற்றுமுன் வண்டியிடம் கேளுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். முதல் கியரில் கிளட்சை விடும்போது அடியில் 'டங்' என்று ஒரு அடி விழுந்தால் ஷாஃப்டின் முனையைக் கோணத்தில் சுற்றவிடும் சிலுவைத் துண்டான யூஜே கிராஸோ, ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல்வரிசையான ஸ்ப்ளைனோ தேய்ந்திருக்கிறது. மெதுவாகப் போகும்போது சக்கரச் சுற்றுக்கு ஏற்ப 'கீச் கீச்' என்று எலிச்சத்தம் வந்தால் கிராஸில் கிரீஸ் வற்றிவிட்டது. ஃபோர் வீலில் போட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' என்றால் முன் சக்கரம் திரும்பும்போதும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயிண்ட். வளைவில் ஏறி இறங்கும் உறுமல் என்றால் சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் சுருதி மாறும் ஊளை என்றால் ஆக்சிலின் நடுவில் சுழற்சியைச் சக்கரப் பக்கம் திருப்பும் பல்சக்கர ஜோடியான கிரவுன், பினியன் பக்கம் கோளாறு. இந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் கேட்டால் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்து முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. பிரேக் பிடித்தும் ஆடினால், சக்கரம் இடவலம் திரும்பும் அச்சான கிங்பினின் பேரிங். சக்கரம் மாட்டும் ஹப்பை, அதைத் தாங்கித் திருப்பும் நக்கிளோடு பிரேக் பூட்டிவிடுகிறது. அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஆட்டம் நக்கிளுக்கு உள்ளேயிருந்துதான் வர முடியும். அறுபதில் போகும்போது ஸ்டீயரிங் பேய் பிடித்தாற்போல உதறும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

படுக்கும் இடம்

சிமென்ட் தரை வேண்டும். மண் தரையில் ஜாக்கி ஸ்டாண்டு இறங்கும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் வேண்டவே வேண்டாம். அவை எச்சரிக்காமல் உடையும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஸ்டாண்டு வைத்த பிறகு வண்டியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கை பிரேக் விஷயத்தில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பழைய ஜீப்புகளில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கும்படி இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். ஷாஃப்டைப் பிடிக்கும் வகையாக இருந்தால், பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய அடுத்த நொடி வண்டிக்குக் கை பிரேக்கே இல்லை. ஷாஃப்ட் மாட்டியிருந்தாலும்கூட, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக மற்ற சக்கரம் உருள முடியும். ஆகவே எப்போதும் சக்கரத்துக்குக் கட்டை, முன்பக்கமும் பின்பக்கமும்.

சாமான்கள்: ஸ்பேனர், பாக்ஸ் செட், டார்க் ரென்ச், சர்கிளிப் கொறடு, நல்ல பெஞ்ச் வைஸ், பித்தளைக் கம்பி, வெர்னியர், கிரீஸ் கன், மீன் எடை போடும் ஸ்பிரிங் தராசு, பெயின்ட் மார்க்கர். கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல். பெட்ரோல் வேண்டாம், கழுவும் தட்டுப் பக்கத்தில் யாரும் பீடியும் பற்ற வைக்க வேண்டாம். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள். வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலை அச்சடித்துப் பக்கத்தில் வையுங்கள். டார்க் அளவுகளை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், மாடலுக்கு மாடல் அவை வேறு.

முதலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்

கை பழக இதுதான் சரியான வேலை. ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியில்லாமல் தனியாகத் தொங்குகிறது. அதனால் ஷாஃப்ட் மூன்று: கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு குட்டி ஷாஃப்ட், அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. பலரும் பின் ஷாஃப்டை மட்டும் பார்த்துவிட்டு 'டங்' சத்தம் போகவில்லையே என்பார்கள். குட்டி ஷாஃப்டின் கிராஸையும் பாருங்கள்.

கழற்றுமுன், போல்ட்டால் சேரும் தகடுகளான ஃபிளாஞ்ச் இரண்டும் சேரும் இடத்தில் பெயின்டால் கோடு போடுங்கள். ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன் இடத்திலும் கோடு. இந்த இரண்டாவது கோட்டை மறந்தால் வினை. கிராஸ் ஒன்று கோணத்தில் சுற்றும்போது வெளியே வரும் வேகம் ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை கூடி, இரண்டு முறை குறையும். ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கும் கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. ஆனால் கிராஸைப் பிடிக்கும் கவையான யோக் இரண்டு முனையிலும் ஒரே தளத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஸ்ப்ளைனை இழுத்துவிட்டு ஒரு பல் தள்ளிச் செருகினால் புது கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட மோசமாக அதிரும்.

போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை இறக்குங்கள். ஒரு முனை கியர்பாக்ஸுக்குள் செருகி நிற்கும் வகை என்றால், இழுத்ததும் கியர் ஆயில் கொட்டும். அடியில் தட்டு வையுங்கள். ஷாஃப்டில் வெல்டு வைத்து ஒட்டிய சின்னத் தகடுகள் பேலன்ஸ் எடைகள். அழுக்கு என்று உளி வைத்துத் தட்டிவிடாதீர்கள்.

இப்போது கிராஸ். அதன் நாலு கால் முனையிலும் தொப்பிபோல ஒரு பேரிங் கப், அதைப் பூட்டும் வளையமாக ஒரு சர்கிளிப். சர்கிளிப் நாலையும் எடுங்கள். துரு பிடித்து வராவிட்டால் கப்பை ஒரு தட்டு உள்ளே தட்டினால் கிளிப் மேல் இருக்கும் அழுத்தம் விடும். வைஸில் ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன பாக்ஸ், மறுபக்கம் கப் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய பாக்ஸ். வைஸை இறுக்க இறுக்க, சின்னது தள்ளும், பெரியதுக்குள் பழைய கப் வந்து சேரும். வைஸ் இல்லாமல் சுத்தியலால் அடித்தும் எடுக்கலாம், பட்டறையில் அப்படித்தான் எடுப்பார்கள். ஆனால் அடி யோக்கின் காதில் விழுந்து துளை கோணிவிட்டால் ஷாஃப்டே மாற்ற வேண்டியிருக்கும். புதியவர்களுக்கு வைஸ்தான் நல்லது.

கடைக்குப் போகும்போது பழைய கிராஸைக் கையோடு கொண்டு போங்கள். "அண்ணே, ஜிப்ஸி கிராஸ் ஒண்ணு" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டியதைத் தருவார். கப்பின் விட்டத்தையும், எதிரெதிர் கப்களின் வெளி முகங்களுக்கு இடையிலான நீளத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

புது கிராஸின் கப்புக்குள் ஊசி ரோலர்கள் வட்டமாக நிற்கும். கிரீஸ்தான் அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. கப்பை அழுத்தும்போது ஒரே ஒரு ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிட்டால், கப் கடைசி வரை போகாது, சர்கிளிப் காடிக்குள் உட்காராது. 'கிளிப்தான் பெரிசு' என்று நினைத்து அரம் போடுபவர்கள் உண்டு. கிளிப் உட்காரவில்லையென்றால் கப்பை வெளியே எடுத்துப் பாருங்கள், ஊசி படுத்திருக்கும். இதைத் தவிர்க்க, ஒரு கப்பைப் பாதி அழுத்தியதும் கிராஸின் காலை அந்தக் கப்புக்குள் நுழைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்க் கப் வரும்வரை கால் வெளியே நழுவக் கூடாது. கால் உள்ளே இருந்தால் ஊசி சாய இடமில்லை.

கிரீஸ் நிப்பிள் எந்தப் பக்கம் என்பதை மாட்டுமுன் யோசியுங்கள். கன் எட்டாத திசையில் வைத்துவிட்டு ஷாஃப்டை ஏற்றியவர்கள் அந்த கிராஸுக்கு அதன் பிறகு கிரீஸே அடிப்பதில்லை.

கிளிப் நாலும் காடியில் உட்கார்ந்த பிறகு யோக்கின் காதுகளைப் பித்தளையால் லேசாகத் தட்டுங்கள். கப் கிளிப்பை ஒட்டி நகர்ந்து கிராஸ் இளகும். கையால் எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள்: ஒரே சீரான மெல்லிய இறுக்கம் இருக்கலாம், எங்கும் சிக்கக் கூடாது. நாலு கப்பின் சீல் உதட்டிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தக் கால் காய்ந்துதான் ஓடப் போகிறது.

ஃபிளாஞ்ச் போல்ட் தொலைந்தால் நட்டுக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றைப் போடாதீர்கள். பழைய போல்ட்டின் தலையில் பொறித்த வலிமை எண்ணுக்கு இணையானது வேண்டும். வண்டியை உயர்த்தியதால் ஷாஃப்டை வெட்டி நீட்ட வேண்டியிருந்தால் அது வீட்டு வேலையல்ல. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் செய்து பேலன்ஸ் பார்க்கும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

முன் ஆக்சில்: நக்கிள் உருண்டை

முன் சக்கரத்துக்குப் பின்னால் தெரியும் வழுவழுப்பான உருண்டைதான் இந்த வண்டியின் ஆரோக்கியக் கண்ணாடி. அதன் மேல் லேசான கிரீஸ் படலம் இருக்க வேண்டும். கறுப்புக் கஞ்சிபோல ஏதோ வழிந்தால், ஆக்சில் குழாயின் உள்சீல் போய் கியர் ஆயில் நக்கிளுக்குள் இறங்கி கிரீஸோடு கலந்திருக்கிறது. அந்தக் கஞ்சி சி.வி. ஜாயிண்டைக் காக்காது.

முதலில் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்குங்கள். நிரப்பும் பிளக்கைத் திறந்து பார்த்த பிறகே கீழ் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் முழுக்கக் கொட்டிய பிறகு மேல் பிளக் துருப்பிடித்து வராவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வந்த ஆயிலைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சகஜம். பளபளக்கும் செதில், பல்துண்டு சகஜமல்ல. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

இங்கேதான் பிரீதர். ஆக்சில் கூடான ஹவுசிங்கின் மேலே இருக்கும் சின்ன மூச்சுத் துளை அது. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். துளை சேற்றால் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு ஆயிலோடு வெளியேறும். அதே சூட்டோடு ஓடையில் இறங்கினால் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். வெளித் தண்ணீரை சீல் வழியாக உள்ளே உறிஞ்சும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு ஊதிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் மாட்டி எஞ்சின் ரூம் உயரத்துக்குக் கொண்டு போய்விட்டால் இன்னும் நல்லது. இந்தச் செலவில்லாத வேலையைச் செய்யாமல் விலையுயர்ந்த சீல் தேடி அலைபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சக்கரம், பிரேக் எல்லாம் எடுங்கள். காலிப்பர் உள்ள வண்டியில் அதைப் பிரேக் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டுங்கள். முன் சக்கரத்தை ஆக்சிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் அல்லது அதன் இடத்தில் இருக்கும் ஃபிளாஞ்சைக் கழற்றினால் ஆக்சில் முனையில் சர்கிளிப். அதற்குள்ளே சக்கர பேரிங்கின் நட். பூட்டை விடுவித்து, சரியான பாக்ஸ் போட்டு நட்டைக் கழற்றுங்கள். உளி வைத்து அடித்துச் சுற்றிய காயம் அந்த நட்டில் இருந்தால், முந்தைய கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

ஹப்பை உருவியதும், அது சுற்றும் குழாயான ஸ்பிண்டில். அதன் போல்ட்டுகளை எடுத்து, பித்தளையால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் வரும். பிறகு ஆக்சில் ஷாஃப்டை சி.வி. ஜாயிண்டோடு நேராக உருவுங்கள். வளைத்து இழுத்தால் உள்சீலை ஸ்ப்ளைன் கீறும். ஜாயிண்ட் சத்தம் போடாமல் இருந்தது என்றால் அதைப் பிரிக்கத் தேவையில்லை. டீசலில் ஆட்டி ஆட்டிக் கழுவி, குண்டுகள் ஓடும் தடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

நக்கிளின் பின்பக்கம் சீலைப் பிடிக்கும் தகடு, ஃபெல்ட், ரப்பர் எல்லாம் வரிசையாக இருக்கும். எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து நக்கிளைத் திருப்பும் கம்பியின் முனையான டை ராடு எண்டைப் பிரியுங்கள். மேலும் கீழும் கிங்பின். அவற்றின் அடியில் இருக்கும் மெல்லிய இடைத்தகடுகளான ஷிம்களை மேல், கீழ், இடது, வலது என்று எழுதிய தனித்தனிப் பையில் போடுங்கள். நக்கிளை எடுக்கும்போது கீழ் பேரிங் விழும், கை ஏந்துங்கள்.

கழுவும்போது பேரிங்கைக் காற்றடித்துச் சுழற்றாதீர்கள். அந்த விசில் சத்தம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் இல்லாமல் சுழன்றால் பேரிங் கெடும், கூடு பிய்ந்தால் ரோலர் முகத்தில் பாயும். உருண்டையின் மேல் துருப்பள்ளம் இருந்தால் நைஸ் எமரியால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஷாஃப்டில் சீல் ஓடிய இடத்தில் வரி விழுந்திருந்தால் புது சீலை அதே இடத்தில் உட்கார வைக்காமல், இடம் இருந்தால் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்கள்.

சீலின் ஸ்பிரிங் தெரியும் முகம் ஆயில் பக்கம். உதட்டில் கிரீஸ் தடவி, அதே விட்டமுள்ள பழைய பேரிங் வளையத்தை வைத்து நேராகத் தட்டுங்கள். பழைய பேரிங் வளையங்களைத் தூக்கிப் போடக் கூடாது என்று மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான்.

நக்கிளை ஏற்றும்போது முதலில் பெரிய சீலைப் போடாமல், பேரிங்கையும் ஷிம்மையும் மட்டும் வைத்து இறுக்குங்கள். டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கோர்த்து, நக்கிள் நகரத் தொடங்கும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். மேனுவலில் இருக்கும் அளவைவிடக் குறைவாக இருந்தால் ஷிம்மைக் குறைக்க வேண்டும். அதிகமாக இருந்தால் கூட்ட வேண்டும். இந்த ஒரு அளவை எடுக்காமல் மூடினால் அறுபதில் வரும் உதறல் மறுபடி வரும்.

சி.வி. ஜாயிண்டுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ், உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நிரப்புங்கள். நக்கிள் உருண்டையை முட்ட அடைக்க வேண்டாம். சக்கர பேரிங்குக்கு அதற்கான லித்தியம் கிரீஸ். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு இளக்கி, மேனுவல் சொல்லும் இறுக்கத்துக்குக் கொண்டு வந்து பூட்டுங்கள். சக்கரம் ஆடக் கூடாது, தடையில்லாமல் சுற்றவும் வேண்டும்.

பின் ஆக்சில்

பின்னால் வேலை குறைவு, ஆனால் ஆபத்து அதிகம். முன்னால் வண்டியின் பாரத்தை ஸ்பிண்டில் தாங்குகிறது. பின்னால் ஆக்சில் ஷாஃப்டே தாங்குகிறது. அது முறிந்தால் சக்கரமும் கூடவே போகும்.

டிரம்மை எடுத்து, பிரேக் பைப்பைக் கழற்றி மூடி, பிரேக் தகட்டின் நட்டுகளை எடுத்து, கம்பியில் எடையைச் சறுக்கி அடித்து இழுக்கும் ஸ்லைட் ஹாமரால் ஷாஃப்டை இழுக்கலாம். பேரிங்கை இறுகப் பிடித்திருக்கும் வளையத்தைக் கிரைண்டரால் மெலிதாக்கி உளியால் பிளப்பார்கள். கிரைண்டர் ஷாஃப்டைத் தொட்டால் அந்தக் கீறலிலிருந்துதான் நாளை முறிவு தொடங்கும். ஆகவே ஷாஃப்டை உருவுவதோடு நிறுத்திக்கொண்டு, பேரிங்கையும் வளையத்தையும் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறையில் மாற்றிக்கொள்ளுங்கள். தேய்ந்த ஷாஃப்டை வெல்டு வைத்து ஏற்றி லேத்தில் கடைந்து தருகிறேன் என்று அங்கே யாராவது சொன்னால், "வேண்டாம்ணே, வேற ஷாஃப்ட் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். வெல்டு சூட்டில் ஷாஃப்டின் கடினப்பதம் போய்விடும். மாட்டி முடித்ததும் பிரேக்கில் காற்று எடுக்க மறக்காதீர்கள்.

கிரவுன், பினியன்

ஊளைச் சத்தம் இல்லையென்றால் தொடாதீர்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசிப் பழக்கிச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. இரண்டின் பற்களுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற கணக்கில் வரும். டயல் கேஜும், பல்லில் மை தடவிப் பதிவு பார்க்கும் பழக்கமும் வேண்டும். ஜிப்ஸியில் இந்தத் தொகுதி முழுவதும் ஹவுசிங்கிலிருந்து தனியாகக் கழன்று வரும். ஆக்சில் ஷாஃப்டுகளையும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் எடுத்துவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு போய் விவரம் தெரிந்தவரின் மேசையில் வைத்துவிடலாம். வண்டியையே கொண்டு போக வேண்டியதில்லை.

பினியன் சீல் மட்டும் ஒழுகினால் வீட்டில் செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. நட், ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் புள்ளி குத்திவிட்டு, எத்தனை மரை வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே நசுங்கி இறுக்கம் தரும் ஸ்லீவ் இருக்கிறது. திரும்ப இறுக்கும்போது புள்ளிகள் சேரும் இடத்தைத் தாண்டி நீளப் பைப் போட்டு இழுத்தால் ஸ்லீவ் மேலும் நசுங்கி, பேரிங் இறுகி, சூடாகிச் சாகும்.

ஓட்டிப் பார்க்க

ஜி.எல்-5 தரத்தில் 80-90 அல்லது ஈ.பி. 90 கியர் ஆயிலை நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். முதலில் தெருவுக்குள் டூ வீலில் ஒரு சுற்று. இறங்கி ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொடுங்கள். மிதமான சூடு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் அந்த பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால், திருப்பத்தில் புது கிராஸும் ஜாயிண்டும் முறுக்கிக்கொள்ளும். மண் பாதையோ காய்ந்த கண்மாயோ பாருங்கள். அங்கே முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் வட்டம் போட்டால் 'டக் டக்' இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு வாரம் ஓடிய பிறகு ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் போல்ட், கிங்பின் போல்ட், சக்கர நட் எல்லாவற்றுக்கும் டார்க் ரென்ச் வையுங்கள். நக்கிள் உருண்டையைத் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அடுத்த முறை ஓடையிலோ சேற்றிலோ ஆழமாக இறங்கி வந்தால், வீட்டுக்கு வந்த மறுநாள் காலை கீழ் பிளக்கை ஒரு சுற்று மட்டும் இளக்குங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் இரவோடு அடியில் இறங்கியிருக்கும். முதலில் வருவது தெளிந்த ஆயில் என்றால் பிளக்கை இறுக்கிவிடலாம். தண்ணீரோ காபி நிறமோ வந்தால் ஆயிலை மொத்தமாக மாற்றிவிட்டு, பிரீதர் ஹோஸ் எங்கே விட்டது என்று பாருங்கள்.